தொடாத எலிகள்

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. தொடாத எலிக்கெல்லாம் மார்க்கை அள்ளிப் போட்டிருக்கீங்களே" என்றாள் எலியக்கா.

டாக்டரம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. தாளை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையதுதான். ஒன்பது. பத்து. ஒன்பது. பத்து. எல்லாம் தொடாத எலிகள்.

அந்த அறையில் பன்னிரண்டு கூண்டுகள் இருந்தன. ஆறு எலிகளுக்குப் பின்னங்கால் நரம்பு ஒன்றை மெல்லிய நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தப் புண் ஆறி மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் வலி போகவில்லை. மூளைக்குள் காவல் காக்கிற செல்கள், திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய்களைப் போல, வீங்கிக் கொதித்துக்கொண்டே இருப்பதால்தான் அப்படி என்பது அவளுடைய ஆராய்ச்சி. பதினோரு வருடமாக அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தாள். மற்ற ஆறு எலிகளின் மேல் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்தவை. அவற்றைத்தான் தொடாத எலிகள் என்பார்கள்.

எலிக்கு வலிக்கிறதா என்று எலியிடம் கேட்க முடியாது. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கண் இடுங்கியிருக்கிறதா, மூக்குத் தண்டு புடைத்திருக்கிறதா, கன்னம் உப்பியிருக்கிறதா, காது பின்னால் மடிந்திருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா. வலிக்குத் தக்கபடி ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று அல்லது இரண்டு. மொத்தம் பத்து மார்க். கேமரா பத்து விநாடிக்கு ஒரு படம் எடுக்கும். எலியக்கா அந்தப் படங்களிலிருந்து கூண்டு எண்ணையும் நேரத்தையும் மறைத்து, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துக் கொடுப்பாள். எது அடிபட்ட எலி என்று தெரிந்தால் மார்க் போடுகிறவருடைய மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கண்கட்டு.

"தூக்கமில்லாத கண்ணு. அதான் தப்புத் தப்பாத் தெரியுது. இன்னும் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கலாம்ல?" என்றாள் எலியக்கா. இருபது வருடமாகக் கூண்டு கழுவியதில் அவளுடைய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அந்த விரல்களால் டாக்டரம்மாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, "நான் வேற கலைச்சுத் தரேன். நாளைக்குப் போடுங்க" என்று போனாள்.

மறுநாளும் அதே எலிகளுக்கு அதே மார்க்தான் விழுந்தது.

தங்கை செத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அவளைவிட ஒன்பது வயது சின்னவள். வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத நாளெல்லாம் வாலுவுக்கு வயிறு வலிக்கும். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு படுக்கையில் சுருண்டு கிடப்பாள். அம்மாவுக்கு உண்மையா பொய்யா என்று பிடிபடாது. "ஏய், நீ போய்ப் பாருடி" என்று மூத்தவளை அனுப்புவாள். மூத்தவள் கட்டிலருகே குனிந்து அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பத்துக்கு மூணு. கிளம்புடி" என்பாள். வாலு போர்வையை உதைத்துக்கொண்டு எழுந்திருப்பாள். நடிக்கும்போது அவளுக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோல் மூடும். நிஜமாக வலிக்கும்போது இடது கண் மட்டும் கூடுதலாக இடுங்கும், மேலுதடு வலது பக்கம் லேசாக ஏறும். அது மூத்தவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பின்னால் அவள் இந்த வேலையில் சேர்ந்தபோது வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். "என் மூஞ்சிக்கு மார்க் போட்டே பழகிட்டே. இப்ப எலிக்கு வாத்தியார் ஆயிட்டியா?"

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பேச்சு குழறியது. நான்காம் நாள் மூளை வீங்கிவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது நாள். வாயில் குழாய், குழாயைப் பிடித்துக் கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரி. மாலை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் ஒரே ஒருவரை உள்ளே விடுவார்கள். அம்மாவுக்குப் பார்க்கத் தெம்பில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மூத்தவள் வெளியே வந்ததும் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அவளுக்கு வலிக்குதாடி?"

"வலிக்கலம்மா. அவளுக்கு எதுவும் தெரியாது."

ஒன்பதாம் நாள் மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். வலிமருந்தைக் குறைத்தால் விழிப்பு வருகிறதா என்று தெரியும், ஆனால் முகம் சுருங்குகிறதே என்று தயங்கினார். "உங்க துறைதானே. நீங்க என்ன சொல்றீங்க?"

அப்போது நர்ஸ் குறுக்கே சொன்னாள். "இவங்க வர நேரத்துக்கு மட்டும்தான் டாக்டர் அந்த மாதிரி முகம் சுளிக்கிறாங்க. மத்த நேரம் சும்மாதான் இருக்காங்க."

அவள் கட்டிலைப் பார்த்தாள். இடது கண் கூடுதலாக இடுங்கியிருந்தது. குழாய்க்கு மேலே உதடு வலது பக்கம் ஏறியிருந்தது.

பார்த்தாள். தெரிந்தது. தங்கை கண் விழித்து ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. "அது அனிச்சைதான் டாக்டர். குறைச்சுடுங்க" என்றாள்.

மருந்தைக் குறைத்தார்கள். வாலு கண் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு பத்து நாள் இருந்தாள்.

இப்போதும் தினமும் நான்கு மணி தாண்டியதும் அம்மா ஃபோன் செய்வாள். சாப்பிட்டியா, மழை வருதா என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். "ஏண்டி, அவளுக்கு வலிச்சிருக்காதுல்ல?" இவளும், "வலிக்கலம்மா" என்பாள். "நீ சொன்னா சரிதான். உனக்குத்தானே தெரியும்" என்று பெருமூச்சு விட்டு வைப்பாள். அந்த ஒரு வார்த்தையை விழுங்கினால்தான் அம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மறைத்து வைத்திருந்த நேரப் பட்டியலை எலியக்காவிடம் வாங்கி, படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். தொடாத எலிகள் நாள் முழுவதும் சாதுவாகத்தான் இருந்தன. பத்து மார்க் வாங்கிய படங்கள் எல்லாமே மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு மேல், நாலே கால் மணிக்குள் எடுத்தவை.

அந்த நேரத்தில் அவள் தாழ்வாரத்தில் நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள்.

சரி, பேச்சுச் சத்தம் கதவு வழியாக உள்ளே போய் எலிகளை மிரட்டுகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை நான்கு மாடி இறங்கிப் போய், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வெயிலில் நின்று பேசினாள். படங்கள் மாறவில்லை. வியாழக்கிழமை ஃபோனை எடுக்கவே இல்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. அன்றைக்கு ஆறு தொடாத எலிகளும் அந்த நேரத்தில் மரத்தூளைக் கிளறிக்கொண்டும், கம்பியைக் கடித்துக்கொண்டும் இருந்தன. மார்க் பூஜ்யம்.

அன்று இரவு அம்மா தூங்கவில்லை என்று காலையில் பக்கத்து வீட்டு அத்தை ஃபோனில் சொன்னாள்.

புதன்கிழமைப் படங்களையும் தன் ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பேச்சு தொடங்கியது நாலு பத்துக்கு. எலிகள் முகம் சுளித்தது நாலு பன்னிரண்டுக்கு. ஃபோன் வைத்தது நாலு பன்னிரண்டு தாண்டி இருபது விநாடிக்கு. மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசியபோது எதுவும் ஆகவில்லை. கடைசியில் அவள் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் முகம் சுளித்திருக்கின்றன.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவள் எலி அறைக்குள் போனாள்.

"நீங்க உள்ளே உக்காந்தா ஒண்ணும் காட்டாதுங்க" என்றாள் எலியக்கா, கழுவிய தண்ணீர்ப் புட்டிகளைக் கவிழ்த்து வைத்தபடி. "ஆளைப் பார்த்தா வலியை முழுங்கிடும். பூனையா மனுஷனான்னு அதுக்கென்ன தெரியும்? உங்களுக்கே தெரிஞ்ச விஷயம்தானே."

"தெரியும்க்கா. சும்மா பார்க்கிறேன்."

"சரி, பாருங்க. நான் போய் ஒரு வாய் டீ குடிச்சிட்டு வரேன். கதவை நல்லாச் சாத்திக்குங்க, வெளிச்சம் உள்ளே வந்துடும்."

எலிகள் இருட்டில்தான் நடமாடும். அதனால் அந்த அறையில் பகலை இரவாக மாற்றி வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு விளக்கு தானாக அணையும், இரவு எட்டுக்குத்தான் எரியும். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்க, கதவைச் சாத்தியதும் உள்ளே கெட்டியான இருட்டும், எலிகளின் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு விளக்கும் மட்டும்தான் மிஞ்சின. அந்தச் சிவப்பில் அவளுடைய கைகூட யாரோ ஒருவருடைய கை மாதிரி இருந்தது. மரத்தூளும் எலி மூத்திரமும் கலந்த காரமான வாடை மூக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. பன்னிரண்டு கூண்டிலிருந்தும் பொடிப் பொடியாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது, மரத்தூளைத் தோண்டும் சரசரப்பு, கம்பியைக் கடிக்கும் நறநறப்பு, புட்டியின் குழாயை நக்கும்போது உள்ளே உருளும் குண்டு எழுப்பும் டிக் டிக். பதினோரு வருடப் பழக்கத்தில் அவளுக்கு அது தாலாட்டு மாதிரி.

மேசைத் திரையைப் போட்டாள். கேமரா காட்டும் அலமாரி முழுவதும் அதில் தெரிந்தது. ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியும், அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் வெறும் தரையும் தெரிந்தன. எலியின் முகத்தை மட்டும் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும் கணினி நிரல் அது. எலி திரும்பினால் கட்டமும் கூடவே திரும்பும். திரையின் அடியில் ஒரு நேர்கோடு ஓடிக்கொண்டிருந்தது. எலி வலியில் கத்துவது மனிதக் காதுக்கு எட்டாது. அதற்கென்று இருந்த மைக் அந்தக் கத்தலைப் பிடித்துக் கோடாகக் காட்டும். கோடு இப்போது அசையாமல் இருந்தது.

பன்னிரண்டு எலி. பன்னிரண்டு கட்டம்.

நாலு மணி ஏழு நிமிடம். ஃபோன் மடியில் கிடந்தது.

நாலு ஒன்பதுக்குச் சரசரப்பு நின்றது. எல்லாக் கூண்டிலும் ஒரே நேரத்தில். புட்டிக் குண்டுகளும் ஓய்ந்தன. அவ்வளவு எலிகள் இருக்கிற இடத்தில் அவ்வளவு அமைதி இருக்கக் கூடாது. மூத்திர வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை மெதுவாகக் கிளம்பி வந்தது. கன்னத்திலிருந்து உரித்தெடுத்த பிளாஸ்திரியின் பசை வாடை.

ஃபோன் அதிர்ந்தது.

"சாப்பிட்டியாடி?"

"ம். சாப்பிட்டேன்மா."

"நேத்து ஏன் எடுக்கலை?"

"வேலைம்மா."

"நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. உங்கிட்ட ஒரு வார்த்தை பேசினாத்தான்..." அம்மாவின் குரல் இற்ற நூல் மாதிரி இருந்தது. "அவ டிரஸ்ஸெல்லாம் இன்னிக்கு மடிச்சு வெச்சேன். ஒரு சட்டைப் பையில அரை மிட்டாய் இருந்துச்சு. கடிச்சுட்டு மீதியை வெச்சிருக்கா. எறும்புகூட மொய்க்கலை."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

திரையில் பதின்மூன்று கட்டம்.

பதின்மூன்றாவது கட்டம் கூண்டில் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில், வெறுங்காற்றில் நின்றது. நிற்கிற ஆளின் முகம் இருக்கும் உயரமில்லை. அவள் இடுப்பளவுதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் உயரம்.

கழுத்தைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை. ஓரக்கண்ணில் சிவப்பு இருட்டு மட்டும் தெரிந்தது. கட்டத்துக்குள்ளும் அதே சிவப்பு இருட்டுதான். முகம் எதுவும் இல்லை. நிரல் தப்புப் பண்ணுகிறது. தூசி. நிழல். ஏதோ ஒன்று. கட்டத்துக்குப் பக்கத்தில், எல்லாப் படத்துக்கும் வருவது போலவே, ஐந்து காலி இடங்கள் வந்தன. கண். மூக்கு. கன்னம். காது. மீசை. முதல் இடத்தில் கோடு ஒன்று மின்னி மின்னி மார்க் கேட்டது.

"ஏண்டி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்மா."

விரல் தானாகத்தான் போயிற்று. பதினோரு வருடப் பழக்கம். பூஜ்யத்தை அழுத்தினாள். அது ஏற்கவில்லை. மறுபடியும் மின்னியது. ஒன்றை அழுத்தினாள். மின்னியது. இரண்டை அழுத்தினாள்.

கட்டத்துக்குள் ஒரு கண் வந்தது.

இடது கண். மூடியிருந்தது. உள்ளே ஏதோ குத்துவதைப் போல, அவ்வளவு இறுக்கமாக. அதற்குப் பக்கத்தில் வலது கண், அதைவிடக் கொஞ்சம் தளர்ந்து.

மூக்கு. இரண்டு. கன்னம். இரண்டு. கன்னத்தில் சதுரமாக ஒரு வெளுப்பு, பிளாஸ்திரி இருந்த இடம். காது. வாலுவின் காதில் சின்னத் தோடு. அம்மா அதைக் கழற்றி வைத்திருந்தாள், அலமாரியில், பஞ்சில் சுற்றி.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காதே" என்றாள் அம்மா.

வேண்டாம்மா. கேட்காதேம்மா.

"அவளுக்கு வலிச்சிருக்காதுல்ல?"

பன்னிரண்டு கூண்டிலும் எலிகள் முன்பக்கம் வந்து நின்றிருந்தன. கட்டினவையும் தொடாதவையும். கம்பியில் மூக்கை வைத்து. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தன.

சொல்லிவிடலாம். வலித்தது அம்மா. அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். மற்றவர் முன்னால் விழுங்கிக்கொண்டு, நான் வரும்வரை காத்திருந்து சொன்னாள். எனக்குப் படிக்கத் தெரியும் என்று நம்பிச் சொன்னாள். நான் மார்க் போடவில்லை.

தொண்டைவரை வந்தது. அந்த முனையில் அம்மாவின் மூச்சு காத்திருந்தது. அரை மிட்டாய். பொட்டுத் தூக்கமில்லை. இதைச் சொன்னால் அம்மா இனி எந்த ராத்திரிதான் தூங்குவாள்?

அவள் அழுதுகொண்டே திரையைப் பார்த்தாள். மன்னிச்சுக்கோடி, வாலு. இன்னைக்கு ஒரு நாள்.

"வலிக்கலம்மா" என்றாள்.

எலிகளின் கண்கள் இடுங்கின. எல்லாம். ஒரே நேரத்தில். காதுகள் பின்னால் மடிந்தன.

ஐந்தாவது இடம் மின்னியது. மீசை என்றுதான் எழுதியிருந்தது. அவள் எதையும் அழுத்தவில்லை. கை மடியில்தான் இருந்தது.

கட்டத்துக்குள் வாய் வந்தது.

குழாய் இல்லை. மேலுதடு வலது பக்கம் ஏறியிருந்தது. வாய் திறந்துகொண்டே போயிற்று. பத்தொன்பது நாள் திறக்க முடியாத வாய்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குத் தன் மூச்சுகூடக் கேட்கவில்லை. திரையின் அடியில் மட்டும் நேர்கோடு மலை மலையாக எழும்பியது. எழும்பி, உச்சியில் முட்டி, கீழே இறங்காமல் அங்கேயே துடித்தது.

அம்மா வழக்கமான பெருமூச்சை விடவில்லை.

"ஏண்டி," என்றாள். "உன் பக்கத்துல யாருடி கத்தறது?"

"யாருமில்லைம்மா. எலிதான்..."

"இல்லைடி." அம்மாவின் குரல் நடுங்கிற்று. பிறகு நடுக்கமும் நின்று போயிற்று. "அக்கா அக்கான்னு கத்தறாளே. உனக்குக் கேக்கலையா?"

அவளுக்குக் கேட்கவில்லை. கட்டம் நகர்ந்து வந்து அவளுடைய முகத்துக்கு நேராக நின்றது. இடது கண் இறுகி, வாய் முழுவதும் திறந்து, தோடு சிவப்பு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருக்க, கடைசிக் காலி இடம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.